யார் உடம்பில் படிப்பது?

2014-ம் ஆண்டில் நமது நாட்டுத் தவளைகளுக்கு விமோசனம் பிறந்தது. வைத்தியக் கல்லூரிகளில் உடலியலும் மருந்தியலும் படிக்கும் மாணவர்களுக்காக உயிருள்ள பிராணிகளை அறுத்துக் காட்டும் வழக்கத்தை நிறுத்தி, அந்தச் சோதனைகளைக் கம்ப்யூட்டர் திரையில் செய்து காட்ட வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. இப்போது தவளையின் இருதயம் திரையில் துடிக்கிறது. மருந்தைச் செலுத்தினால் துடிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. தவளையோ குளத்தில் சௌக்கியமாக இருக்கிறது. பிராணிகளிடம் இரக்கம் கொண்டவர்கள் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்ற வெற்றி அது. நல்ல காரியம், நாம் அதைக் குறை கூறவில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. தவளைக்குக் கிடைத்த விமோசனம் தர்மாஸ்பத்திரி நோயாளிக்கு எப்போது கிடைக்கும்?

வைத்தியம் என்பது அறிவு மட்டுமல்ல, கைத்தொழிலும் கூட. தறியில் உட்காராமல் நெசவு வராது. கத்தியைப் பிடிக்காமல் தோல் சீவ வராது. ஊசியைப் பிடிக்காமல் ஊசி போடவும் வராது. நரம்பைத் தேடி முதன் முதலாகக் குத்தும் மாணவன் நாலு தடவை தவறத்தான் செய்வான். முதல் தையல் கோணத்தான் செய்யும். முதல் பிரசவத்தில் கை நடுங்கத்தான் செய்யும். இதிலே அந்தப் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. ஆனால், அந்த நாலு தடவையும் யார் கையில் தவறுவது? அந்தக் கோணல் தழும்பை ஆயுள் பூராவும் சுமப்பது யார்? பணம் கட்டித் தனி அறையில் படுத்திருப்பவரிடம் பழகாத கையை அனுப்ப மாட்டார்கள். இனாம் வார்டில், கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூலிக்காரனின் கைதான் சிலேட்டு. எழுதலாம், அழிக்கலாம், திருப்பி எழுதலாம்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் மாரியன் சிம்ஸ் என்ற டாக்டர், பிரசவத்தில் கிழிந்து போன உறுப்பைத் தைத்துச் சரி செய்யும் சிகிச்சையை உருவாக்கினார். எப்படி உருவாக்கினார்? அடிமைப் பெண்களை வைத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுக்காமல், திரும்பத் திரும்ப அறுத்துத் தைத்து உருவாக்கினார். அனார்க்கா என்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை! கை நன்றாகப் பழகிய பிறகு நியூயார்க் சென்று சீமாட்டிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அவருக்குச் சிலையும் வைத்தார்கள். அந்தச் சிலையை நியூயார்க் நகரின் பூங்காவிலிருந்து எடுக்க 2018 வரை ஆயிற்று.

உயிரோடு இருப்பவன் கதை இது என்றால் செத்தவன் கதை என்ன? இங்கிலாந்தில் கொலைகாரனின் உடலை அறுப்பது ஒரு காலத்தில் தூக்குக்கு மேலே விதிக்கப்பட்ட தண்டனை. 1832-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அனாடமிச் சட்டம் கொண்டு வந்தது. ஏழை விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் செத்து, உரிமை கோர ஆளில்லாமல் கிடக்கும் உடலை மாணவர்கள் அறுத்துப் படிக்கலாம் என்றது. கொலைக்குக் கொடுத்த தண்டனையை வறுமைக்குக் கொடுத்த சட்டம் அது. நமது நாட்டு மாநிலங்களின் அனாடமிச் சட்டங்களும் அந்தத் தாயின் பிள்ளைகளே.

சரி, கம்ப்யூட்டர் காலத்தில் கதை மாறியதா? திரையில் ஒரு மனித உடல் தோன்றுகிறது. விரலால் தொட்டால் தோல் விலகுகிறது, தசை தெரிகிறது, எலும்பு தெரிகிறது. இந்த டிஜிட்டல் உடல்களுக்கு வழி திறந்த உடல் யாருடையது தெரியுமா? டெக்சாஸ் சிறையில் 1993-ல் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்ட ஜோசப் பால் ஜெர்னிகன் என்ற மரண தண்டனைக் கைதியினுடையது. அந்த உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 1,800-க்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவிப் படம் பிடித்து, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994-ல் உலகத்துக்கு வெளியிட்டது. உடலை விஞ்ஞானத்துக்குத் தர அவர் சம்மதித்திருந்தார் என்பது உண்மை. சாவு அறைக்குப் போகிறவனின் சம்மதம் எத்தகைய சம்மதம் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

மனம் ஒப்பிக் கொடுப்பது வேறு. ஆளில்லை என்று எடுத்துக்கொள்வது வேறு. 2010-ல் தோழர் ஜோதிபாசுவின் உடல் கல்கத்தாவில் வைத்தியக் கல்விக்குக் கொடுக்கப்பட்டது. 2024-ல் தோழர் சீதாராம் யெச்சூரியின் உடல் டில்லி எய்ம்ஸில் கொடுக்கப்பட்டது. பெரிய மனிதர்கள் எனப்படுவோரில் எத்தனை பேர் இந்தக் காரியத்துக்கு முன் வந்திருக்கிறார்கள்?

வேறு வழி தெரியாததால்தான் ஏழையின் உடம்பில் படித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழி வெகு காலமாகத் தெரியும். சுசுருதரின் வைத்திய நூலிலேயே அது இருக்கிறது. பூசணிக்காயிலும் வெள்ளரிக்காயிலும் கீறிப் பழகு, தண்ணீர் நிரப்பிய தோல் பையில் குத்திப் பழகு, அதன் பிறகே மனிதனைத் தொடு என்று மாணவனுக்கு அங்கே உபதேசம் செய்கிறார்கள். (அந்தத் தோலைப் பதனிட்டவன் யார், அவனை ஊருக்குள் விட்டார்களா என்பதை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.) பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் மேடம் து குத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். துணியாலும் தோலாலும் தாயின் இடுப்பையும் குழந்தையையும் பொம்மையாகச் செய்துகொண்டு, 1760 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகப் போய், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். எழுத்து வாசனை அறியாத பெண்களும் அந்தப் பொம்மையில் கையை வைத்துப் பழகிக்கொண்டார்கள். ஆக, துணியும் தோலும் போதுமாக இருந்தது. இரண்டும் நம் கையில் புழங்கும் சரக்குகள்தான்!

இந்த இடத்தில் ஆகாய விமானத்தைப் பார்ப்போம். 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் எந்திரத்தைச் செய்து விட்டார். சீக்கிரத்திலேயே விமானப் படைகள் அதை வாங்கிக் குவித்தன. இன்றைக்கு அப்படிப்பட்ட எந்திரத்தில் பழகாத எவரையும் பெரிய பயணி விமானத்தின் ஓட்டியாக உட்கார வைக்க மாட்டார்கள். அதே அமெரிக்காவில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக் கழகத்தார், மயக்க மருந்து கொடுப்பதைப் பழகுவதற்காக, மூச்சு விடும், கண் சிமிட்டும், கம்ப்யூட்டர் இயக்கும் ஒரு பொம்மை மனிதனை 1967-ல் செய்து காட்டினார்கள். ‘சிம் ஒன்’ என்று பெயர். அதற்கு என்ன கதி ஆயிற்று? செலவு அதிகம் என்றார்கள். ஒன்றே ஒன்றோடு நின்று போயிற்று. கம்ப்யூட்டர் பொம்மைகள் கல்லூரிகளுக்குள் பரவ மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

ஏன் இந்த வித்தியாசம்? விமானம் விழுந்தால் ஓட்டியும் சாகிறான், டிக்கெட் வாங்கிய சீமானும் சாகிறான், விலை உயர்ந்த விமானமும் போகிறது. ஆஸ்பத்திரியில் கை தவறினால் நஷ்டம் நோயாளிக்கு மட்டுமே. எந்திரத்துக்கு விலை உண்டு. இனாம் வார்டு உடம்புக்கு விலை இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு இது.

இந்தப் பயிற்சியால் பிரயோஜனம் உண்டா என்ற சந்தேகம் இனி வேண்டாம். அமெரிக்காவில் 16 இளம் சர்ஜன்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கம்ப்யூட்டர் பாவனைப் பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரும் பித்தப்பை ஆபரேஷன் செய்ததைக் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் தவறுகள் மற்றவர்களுடைய தவறுகளில் ஆறில் ஒரு பங்காக இருந்தன. விஞ்ஞானம் நமக்கு விரோதியல்ல. ஆலையில் எந்திரம் வந்தால் வேலை போகுமே என்று நாம் கவலைப்படுவது போல, ஆஸ்பத்திரியில் பொம்மை வருவதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. வரட்டும்! இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஆனால் யாருக்கு வருகிறது? எதற்காக வருகிறது? இங்கேதான் சச்சரவு ஆரம்பமாகிறது.

நாடு பூராவுக்கும் இப்போது விதி இருக்கிறது. ஒவ்வொரு வைத்தியக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும். 150 மாணவர் வரை சேரும் கல்லூரியில் அது 600 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவக் கமிஷன் 2020-ல் வகுத்தது. நம் பம்மலைச் சுற்றிப் பாருங்கள். குரோம்பேட்டை, போரூர், இரத்தினமங்கலம், காட்டாங்குளத்தூர் என்று நாலு பக்கமும் தனியார் வைத்தியக் கல்லூரிகள். நிகர்நிலைப் பல்கலைக் கழகம் என்ற பலகை மாட்டிய கல்லூரிகள் பலவற்றில் இன்று ஒரு வருஷக் கட்டணம் இருபது லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நாகல்கேணியில் தோல் உருட்டும் ஒரு தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசா தொடாமல் பத்து வருஷம் சேர்த்தாலும் எட்டாத தொகை! அந்தக் கட்டணத்தில்தான் கண் சிமிட்டும் பொம்மைகள் வாங்கப்படுகின்றன. வழவழப்பான விளம்பரத் தாளிலே அவற்றின் படம் அச்சாகிறது. சர்க்கார் கல்லூரிகளிலும் கூடங்கள் ஏற்பட்டு வருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொம்மை தானாகப் பாடம் சொல்லாது. பக்கத்தில் நின்று, ‘கையை இப்படிப் பிடி’ என்று சொல்ல ஆசிரியர் வேண்டும். 2025-ல் தமிழ்நாட்டின் 36 சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் 34-க்கு, ஆசிரியர் பற்றாக்குறை முதலிய குறைகளுக்கு விளக்கம் கேட்டு அதே கமிஷன் நோட்டீஸ் அனுப்பியது. ஆசிரியர் இல்லாத கூடத்தில் பொம்மை உறையோடு தூங்கும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நம்மை முதலில் தொடுகிறவர் யார்? பெரிய டாக்டரா? ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பது நர்சம்மா. சாலையில் அடிபட்டவனைத் தூக்குவது 108 வண்டியின் ஊழியர். கிராமத்துக் கர்ப்பிணியை வீடு தேடி வந்து பார்ப்பது கிராம சுகாதார செவிலியர். நமது உயிர் இவர்கள் கைப் பழக்கத்தில் இருக்கிறது. பயிற்சி முதலில் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

ஆப்பிரிக்காவில் தான்சானியா என்ற ஏழை நாடு இருக்கிறது. பிறந்த குழந்தை மூச்சு விடாமல் நீலம் பாரித்துக் கிடந்தால் முதல் ஒரு நிமிஷத்துக்குள் என்ன செய்வது என்பதை மருத்துவச்சிகளுக்குக் கற்றுக் கொடுக்கும் திட்டம் ஒன்று 2010-ல் உலகத்துக்கு வந்தது. அதற்கு ஒரு சாதாரண சிசுப் பொம்மை. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தையின் கனம் வந்து விடும். கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரமும் வேண்டாம். குழந்தையைத் துடைத்துச் சூடேற்றுவது, முதுகைத் தேய்த்துத் தூண்டுவது, மூச்சு வராவிட்டால் பையும் முகமூடியும் வைத்துக் காற்றைச் செலுத்துவது—இதையே திரும்பத் திரும்பப் பழகினார்கள். எட்டு ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் சாகும் குழந்தைகளின் விகிதம் 47 சதவீதம் குறைந்திருந்தது! 2013-ல் வெளியான கணக்கு இது. லட்சக்கணக்கில் விலை உள்ள பொம்மை செய்த காரியமல்ல. பொம்மை போக வேண்டிய கைக்குப் போனதால் நடந்த காரியம்.

நமது நர்சுகளின் நிலை என்ன? 2015-ல் பரீட்சை எழுதித் தேறி வந்தவர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த வேலைக்கு வைத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியதை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் மூன்று பேர் வேலையைச் செய்யும் வார்டில், ‘நாளை பயிற்சிக்குப் போய் வா’ என்று யார் விடுவார்கள்? பயிற்சிக்குப் போகும் நாளில் வேலையைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும். ஆகவே நர்சுகளின் நிரந்தர வேலைக் கோரிக்கையும் இந்தக் கோரிக்கையும் வெவ்வேறு அல்ல.

இனி இன்னொரு அபாயம். பொம்மை வந்து விட்டது, நோயாளி எதற்கு என்று நினைக்கும் கல்லூரி முதலாளிகள் உண்டு. நோயாளி வராத ஆஸ்பத்திரியைக் கட்டி வைத்து, கல்லூரி நடத்த அனுமதி கேட்கிறவர்களுக்குப் பொம்மை ஒரு வரப்பிரசாதம். 2025-ல் மத்தியப் புலனாய்வுத் துறை, வைத்தியக் கல்லூரிகளின் சோதனையில் நடந்த லஞ்ச விவகாரம் பற்றி வழக்குப் பதிந்தது. இல்லாத ஆசிரியரை இருப்பதாகக் காட்டினார்கள், சோதனை நாளில் நோயாளி அல்லாதவர்களை நோயாளியாகப் படுக்க வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை, நாம் முந்திக்கொள்ளவில்லை. ஆனால் பாவனை இரண்டு வகை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். மாணவன் கற்பதற்காக நோயாளியைப் போல் நடிப்பது ஒன்று. 1963-லிருந்தே டாக்டர்களைப் பழக்குவதற்கு நடிகர்களை வைத்து இதைச் செய்து வருகிறார்கள். நாடகத்தையே வாழ்வாகக் கொண்ட சம்பந்த முதலியார் பெயரோடு ஒட்டிய பம்மலில் இருந்துகொண்டு நாம் நடிப்பைக் குறை சொல்ல முடியாது. சோதனை அதிகாரி ஏமாறுவதற்காகக் கட்டிலில் படுப்பது இன்னொன்று. அதிலும் படுக்கக் கூப்பிடுவது கூலிக்காரனைத்தான்!

நோயாளியிடம் படிக்காமல் டாக்டர் ஆக முடியாது. தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் டாக்டர் சௌரிமுத்து பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்தார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்து விட்டது. காச நோயாளியின் முகத்தையும் இருமலையும் பசியையும் பக்கத்தில் உட்கார்ந்து அறிய வேண்டியிருக்கிறது. நாம் கேட்பது வரிசை முறை. முதல் பத்துத் தடவை பொம்மையில் தவறட்டும். பதினோராவது தடவை, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, நோயாளியிடம் அனுமதி கேட்டு, நம் கையைத் தொடட்டும். கொடுப்போம். தாராளமாகக் கொடுப்போம்.

அந்த எந்திரத்துக்குள் யாருடைய நோய் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொம்மைகள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். கறுத்த தோலில் தடிப்பும் நீலம் பாரிப்பதும் எப்படித் தெரியும் என்று பாடப் புத்தகத்தில் இல்லையே என்று லண்டனில் ஒரு கறுப்பு இன மாணவர் கேட்டு, ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-ல் ஒரு கையேடு வெளியிட வேண்டியிருந்தது. திரையில் வரும் கற்பனை நோயாளிகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டுக் கம்பெனிகள். அங்குள்ள வசதி படைத்தவர்களின் நோய்தான் அவர்களுக்குத் தெரியும்.

நம் நோய்களை நாம் சொல்வோம். தோல் கம்பெனியில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் அழுகிய முட்டை நாற்றம் உள்ள விஷ வாயு கிளம்புகிறது. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய் விட்டது, ஆபத்தும் போய் விட்டது என்று நினைத்துக் குழிக்குள் இறங்குகிறவன் சுருண்டு விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிற தோழனும் விழுகிறான். இந்த நோயாளி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறானா? வயலுக்குப் பூச்சி மருந்து தெளித்தவன் எச்சில் ஒழுக, வியர்த்துக் கொட்ட, கண்மணி ஊசி முனை போலச் சுருங்க வருகிறான். அட்ரோபினை எவ்வளவு, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை கொடுப்பது என்று மாணவன் பழகியிருக்கிறானா? தரையில் படுத்துத் தூங்கிய விவசாயக் கூலிப் பெண் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள், கண் இமை தொங்குகிறது. கடிவாய் தெரியவில்லை, வீக்கம் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான். வயிற்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால் சிறிது நேரத்தில் மூச்சு நின்று விடும். விஷ முறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுக்கும் இருளர் கூட்டுறவு சங்கம் 1978-லிருந்து நமது செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியிலேயே இருக்கிறது. அவர்கள் அறிந்ததைப் பாடமாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு அமெரிக்காவிலிருந்தா ஆள் வர வேண்டும்?

‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்று நோயாளியைக் கேள் என்று இத்தாலி தேசத்து ராமசீனி என்ற டாக்டர் 1700-லேயே எழுதினார். முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் சீட்டு எழுதும் பழக்கம் மறையவில்லை. எந்திரம் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கட்டும். கேட்காத மாணவனுக்குத் திரையில் உள்ள நோயாளி செத்துப் போகட்டும்; நிஜ நோயாளி பிழைப்பான்.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளின் பயிற்சிக்கூடங்களுக்கு முதலில் ஆசிரியர்களைப் போட வேண்டும். கல்லூரியோடு அவை நின்று விடக் கூடாது. செங்கல்பட்டில் 1965-லிருந்து சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் நர்சுகளும், 108 ஊழியர்களும், கிராம சுகாதார செவிலியர்களும், ஆஷா ஊழியர்களும் அங்கே முறை வைத்துச் சம்பளத்தோடு பயிற்சி பெற ஏற்பாடு வேண்டும். சர்க்காரிடம் சலுகை பெற்று நடக்கும் தனியார் கல்லூரிகளின் கூடங்களையும் மாதத்தில் சில நாட்கள் இவர்களுக்கு இலவசமாகத் திறந்து விடச் சட்டம் செய்யலாம்.

பொம்மைகளை அந்நிய நாட்டிலிருந்தே வாங்கிக் கொண்டிருக்க வேண்டுமா? அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது. கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது. பம்மலிலும் நாகல்கேணியிலும் தோலின் குணம் விரல் நுனியில் தெரிந்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். வேலை குறைந்து பாதி நாள் சும்மா இருக்கிறவர்களும் உண்டு. தையல் பழகும் தோல் துண்டும், ஊசி பழகும் கையும், பிரசவம் பழகும் இடுப்பும் இங்கே செய்ய முடியாதவை அல்ல. இந்த மூவரையும் ஒரு மேஜையில் உட்கார வைப்பது சர்க்காரின் பொறுப்பு.

கடைசியாக, தொழிலாளிக்கே பயிற்சி வேண்டும். 1960-ல் நார்வே நாட்டில் பொம்மை செய்து விற்ற ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர், நின்று போன மூச்சைத் திருப்பும் முதலுதவியைப் பொது ஜனங்கள் பழகுவதற்காக ஒரு பெண் பொம்மை செய்தார். அதற்கு வைத்த முகம், பாரிஸில் ஸீன் நதியில் மூழ்கி, உரிமை கோர ஆளில்லாமல் கிடந்த ஓர் ஏழைப் பெண்ணின் முகம் என்பார்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் நெஞ்சை அழுத்தி உலகம் பூராவும் கோடிக்கணக்கானோர் உயிர் காக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பொம்மை ஒன்று நாகல்கேணிக்கு வர ஏன் இத்தனை தாமதம்? தோல் கம்பெனிகள் உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் பொதுவாக ஒரு பொம்மையும், பழக்கிக் கொடுக்க ஒரு நர்சும், விஷ வாயுவைக் காட்டும் கருவியும் முதலாளிகள் செலவில் வர வேண்டும். குழிக்குள் குதிக்காமல் மேலிருந்து கயிற்றால் இழுப்பதையும், காற்றோட்டத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்துவதையும் ஒவ்வொரு தொழிலாளியும் செய்து பார்க்க வேண்டும். தோல் தொழிலாளர் சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதைச் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். வகுப்பு வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது, ராத்திரி ஷிப்டுக்காரர்களுக்குத் தனி வகுப்பு உண்டு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.